சுகந்தி நகர்ப் பூங்காவில் ஒரு கல், ஒரு பெயர்

முதல் அநீதி, 1973: மனை விற்றவன் ரயில் நிலையம் ஐந்து நிமிட நடை என்றான். இரண்டாம் அநீதி, 1976: மின்கம்பம் ஆறாவது தெருவோடு நின்றது. நான் ஏழாவது தெரு. மூன்றாம் அநீதி, 1978: பஸ் நெடுஞ்சாலையோடு போனது, உள்ளே வரவில்லை. நான்காம் அநீதி, 1981: பஸ் உள்ளே வந்தது. சிரிக்காதீர்கள் மேஸ்திரி, வந்ததும் அநீதிதான், அதை அதன் இடத்தில் சொல்கிறேன். ஐந்தாம் அநீதி, 1986: குடிநீர்க் குழாய்த் திறப்பு விழா மேடையில் எனக்கு நாற்காலி போடவில்லை. ஆறாம் அநீதி, 1994: நகரின் பெயரை மாற்றக் கோரி நான் கொண்டுவந்த தீர்மானத்தை வழிமொழிய ஓர் ஆள் எழுந்திருக்கவில்லை. ஏழாம் அநீதி, உங்கள் கையில் இருக்கிற அந்தத் தாள்.

வரிசையாகத்தான் சொல்வேன். வரிசை தப்பினால் வரலாறு தப்பிவிடும். உட்காருங்கள். சிமெண்டு பெஞ்சு சூடாக இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், கொண்டுவரச் சொல்லிப் போன் போட்டாயிற்று. கண்ணாடி இல்லாமல் நான் ப்ரூஃபில் கையெழுத்துப் போடுவதில்லை. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் இருந்தவன். பதினேழு வருஷம் எழுத்துக் கோத்தேன், பதினாலு வருஷம் ப்ரூஃப் பார்த்தேன். அதனால்தான் நகர் நலச் சங்கத்தார் உங்களை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். கல்லில் வெட்டுவதற்கு முன்னால் இந்த ஊரில் எழுத்தைச் சரிபார்க்கத் தகுதி உள்ளவன் தணிகாசலம் ஒருவன்தான் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் வேறு விஷயத்தில் தெரியாததுபோல் நடிக்கிறார்கள்.

உங்கள் பட்டறையின் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்டுவதற்கு முன் பெயரை உரக்க வாசிக்க வேண்டும், இரண்டு சாட்சி கேட்க வேண்டும், மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அச்சகத்திலும் இதுதான். ஒருவன் காப்பியை, அதாவது மூலப் படியை, உரக்க வாசிப்பான். இன்னொருவன் ப்ரூஃபில் விரல் வைத்துக்கொண்டே போவான். புள்ளி என்றால் புள்ளி என்று வாயால் சொல்ல வேண்டும். காப்பியில் இருப்பது ப்ரூஃபில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தர்மம். காப்பியில் முட்டாள்தனம் இருந்தால் முட்டாள்தனத்தையும் சரியாக அச்சடிக்க வேண்டும்.

முதல் அநீதிக்கு வருகிறேன். அந்த மனை விளம்பரம் எங்கள் அச்சகத்தில்தான் வந்தது. ‘சுகந்தி நகர். ரயில் நிலையம் ஐந்து நிமிடம். பூங்கா, பள்ளி, தபால் நிலையம், சுவையான கிணற்று நீர்.’ இரண்டு வண்ணம். கோத்தது யார்? நான். ப்ரூஃப் பார்த்தது யார்? நான். வாங்கியது யார்? அதுவும் நான். என் கையால் கோத்த எழுத்து, ஒரு பிழை இல்லை, அப்படிப்பட்ட நோட்டீஸ் பொய் சொல்லும் என்று எப்படி நினைக்க முடியும்? வந்து பார்த்தால் வேர்க்கடலைக் கொல்லை. நூற்றுப் பன்னிரண்டு மனைக்கும் சுண்ணாம்புக் கல் நட்டிருந்தான். நடுவில் ஒரு பனை. ரயில் நிலையம் ஐந்து நிமிடம், ரயிலில் போனால். நடந்தால் ஐம்பது.

பூங்கா எங்கே என்று கேட்டேன். “நீங்க நிக்கிறதே பூங்காதான்” என்றான் விற்றவன். அந்த இடம்தான் இது. பூங்கா ஆவதற்கு நாற்பத்தொன்பது வருஷம் ஆயிற்று. சுகந்தி என்பது அவன் மூத்த பெண். இளையவள் மாலதி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், அங்கே இருநூறு மனை. மூன்றாவது பெண் இல்லாததால் மாவட்டம் தப்பித்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். போராட்டம். நான் கல்லூரி போனவன் இல்லை மேஸ்திரி, எட்டாவதோடு சரி. ஆனால் அச்சகத்துக்கு வந்த ஒவ்வொரு கட்சியின் துண்டறிக்கையையும் கோத்தவன். எழுத்தைத் தலைகீழாக வைத்துக் கோப்போம் இல்லையா, உலகத்தில் நடக்கிற அத்தனை அநியாயத்தையும் நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். முதல் துண்டறிக்கை மின்கம்பத்துக்கு. தலைப்பு: ‘உறங்காதே, ஏழாவது தெருவே!’ ஏழாவது தெருவில் அப்போது எங்கள் வீடும் ஒரு மாட்டுக் கொட்டகையும் மட்டும்தான். இருந்தாலும் ஐந்நூறு படி அடித்தேன்.

மொத்தம் நாற்பத்து மூன்று துண்டறிக்கை. ஒன்றிலும் என் பெயர் கிடையாது. இது கொள்கை. நான்காவது துண்டறிக்கையிலேயே எழுதியிருக்கிறேன்: ‘போராட்டத்தில் தன் பெயரைப் போடுபவன் விளம்பரப் பிரியன், அவனை மக்கள் இனம் காணட்டும்.’ எல்லாவற்றின் அடியிலும் ‘இவண், பொதுமக்கள்’ என்றுதான் இருக்கும். மூன்றாம் அநீதியின்போது ஒருநாள் போலீஸ்காரர் வந்தார். “யாருய்யா இந்தப் பொதுமக்கள்?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். கைது செய்வார் என்று வேட்டியைக்கூட மாற்றிக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதையும் அநீதி வரிசையில் சேர்த்திருக்கலாம், பெருந்தன்மையாக விட்டேன்.

என் வீட்டுக்காரி இருக்கிறாளே, அவள் இதில் எல்லாம் இல்லை. அவளுக்கு அரசியல் தெரியாது. நான் நெடுஞ்சாலையில் மெகாபோனைப் பிடித்து நிற்கும்போது அவள் செவ்வாய்க்கிழமை தோறும் பஸ் ஏறி அரசு அலுவலகத்துக்குப் போய் ஒரு மனு கொடுத்துவிட்டு வருவாள். மனு கொடுப்பது போராட்டம் ஆகுமா? போகிற வழியில் அவள் தங்கை வீடு இருந்தது, அதற்காகப் போனாள் என்பது என் கருத்து. ஒருமுறை அந்த மனுவை வாங்கிப் பார்த்தேன். எழுத்து பரவாயில்லை. ஆனால் கடைசி வரி: ‘தயவு செய்து எங்கள் தெருவுக்கு விளக்கு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

“பணிவா? யாருக்கு? நம் வரியில் சம்பளம் வாங்குகிறவனுக்கா? இந்தச் சொல்லை அடி” என்றேன்.

“அடிச்சா படிக்கவே மாட்டாங்க. உங்க நோட்டீச எல்லாம் அங்க எதுக்கு வச்சிருக்காங்கன்னு பாத்தேன்” என்றாள்.

“எதற்கு?”

“வடை சாப்பிட்டுக் கை தொடைக்க.”

இதுதான் அவள் அரசியல் ஞானம். நான் அன்றிலிருந்து அந்த மனுக்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். 1977-இல் ஏழாவது தெருவுக்கு மின்கம்பம் வந்தது. துண்டறிக்கை பலித்தது.

நான்காம் அநீதிக்கு வருகிறேன், இதுதான் பெரியது. பஸ்ஸுக்காக மூன்று வருஷம் போராடினேன். 1981 ஆடி மாதம் முதல் தேதி சாலை மறியல் என்று அறிவித்துவிட்டேன். அதற்கு முதல் நாள் ராத்திரி துண்டறிக்கையின் கடைசி வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன், இவள் வந்து நிற்கிறாள். “ஏங்க, நாளைக்கு...” என்கிறாள். “எழுதும்போது பேசாதே” என்றேன். “இல்லீங்க, பஸ்ஸு...” என்கிறாள். “பஸ்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன், போ” என்றேன். போய்விட்டாள். சொல்ல வேண்டியதை அழுத்திச் சொல்லாதது யார் குற்றம்?

விடிந்ததும் பதினோரு பேரோடு முச்சந்தியில் குறுக்கே படுத்தோம். ஏழரை மணிக்கு ஒரு பஸ் வருகிறது. நெற்றியில் வாழைக்கன்று, சந்தனம், மாலை. எங்கள் தலைக்கு நாலடி தூரத்தில் நின்றது. கண்டக்டர் இறங்கினான். ஒல்லியாக, மீசை இல்லாமல். அவன்தான் லூர்துசாமி. இன்றைக்குச் சங்கத் தலைவர் என்று உங்களுக்கு முன்பணம் கொடுத்தாரே, அவரேதான்.

“ஐயா, எந்திரிங்க. இது உங்க பஸ்ஸுதான். சுகந்தி நகர் வரைக்கும். இன்னைலேர்ந்து” என்றான்.

“இது அரசின் தந்திரம். எழுத்துப்பூர்வமான ஆணையைக் காட்டு” என்றேன்.

“ஆணைய எல்லாம் டிப்போவுல ஒட்டிருக்கு. நான் டிக்கெட்டு கிழிக்கிறவன். எந்திரிங்க, போர்டப் பாருங்க.”

“போர்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் அச்சகத்துக்காரன், எனக்குத் தெரியாதா?”

ஒரு மணி நேரம் படுத்திருந்தோம். டிரைவர் மாலையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பிக்கொண்டு போய்விட்டார். பதினோரு பேரும் என்னைத் தோளில் தூக்கினார்கள். வரலாற்றில் எழுதப்பட வேண்டிய விஷயம்: சுகந்தி நகருக்குள் வந்த முதல் பஸ்ஸை நிறுத்தியவன் நான். அதன் பிறகு ஐந்து மாதம் பஸ் வரவில்லை. பாதுகாப்பு இல்லையாம். இவள் மறுபடியும் செவ்வாய்க்கிழமைப் பயணத்தை ஆரம்பித்தாள், மார்கழியில் பஸ் வந்தது. ஐந்து மாதம் அரசை அலைக்கழித்தோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, நாற்காலி விஷயம், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடையில் எட்டு நாற்காலி. இவளுக்கு ஒன்று போட்டிருந்தார்கள்! மகளிரை உட்கார வைப்பது அப்போது நாகரிகமாகிவிட்டது, அதனால். இவள் ஏறவில்லை. “குழாய்ல தண்ணி வருதான்னு பாக்கணும்” என்று குடத்தோடு கீழே நின்றாள். காலி நாற்காலி மேடையில் கிடந்தது, நான் முன்வரிசையில் நின்றேன், ஒருவரும் “தணிகாசலம், வாருங்கள்” என்று சொல்லவில்லை. ஆறாவது, ‘உழைப்பாளர் நகர்’ என்று பெயர் மாற்றக் கேட்டேன். “அட்ரஸ் மாறினா ரேஷன் கார்டு மாத்தணும், வேணாம்” என்றார்கள். இந்த மக்களுக்காகத்தான் உழைத்தேன்.

இப்போது ஏழு. நகருக்கு ஐம்பது வருஷம். பூங்காவில் ஒரு கல் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. ‘இந்நகர் உருவாகப் பாடுபட்டவர்’ என்று தலைப்பு. உடனே நாற்பது பெயர் வந்துவிட்டது. பிள்ளையார் கோவிலுக்குக் குழல் விளக்கு கொடுத்தவன் பெயர், வெளிச்சமே தெரியாதபடி விளக்கின்மேல் பெயர் எழுதியவன், அவன் பெயர்கூட வந்தது. பொதுக்குழுவில் நான் எழுந்தேன். எனக்கு எழுபத்தொன்பது வயது மேஸ்திரி. இனி ஒரு கல் எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது? எழுந்து தீர்மானம் கொண்டுவந்தேன்: ‘ஒரு கல். ஒரு பெயர். ஆவணத்தில் உள்ள பெயர். சபையில் உரக்க வாசிக்கப்பட்ட பெயர்.’ கைதட்டினார்கள். ஐம்பது வருஷத்தில் என் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

ஜோல்னாப் பையைத் திறந்து நாற்பத்து மூன்று துண்டறிக்கையையும் மேஜையில் வைத்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, விளக்கு, பஸ், தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாவற்றின் ஆணை நகலையும் வாங்கிவைத்திருந்தேன். உறை பிரிக்காமல் அப்படியே வைத்தேன். என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியுமே!

லூர்துசாமி கண்ணாடியை மாட்டினான். முதல் துண்டறிக்கையின் அடியை வாசித்தான். “இவண், பொதுமக்கள்.” இரண்டாவது. “இவண், பொதுமக்கள்.” ஐந்தாவதுக்கு மேல் பின்வரிசையில் இருந்த பயல்கள் கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். பத்தாவதில் மொத்தச் சபையும். முப்பத்து நான்கு தடவை, கோவில் பஜனை மாதிரி, “இவண், பொதுமக்கள்!” நடுவில் அந்த நான்காவது துண்டறிக்கையை, விளம்பரப் பிரியன் வரியை, லூர்து நிறுத்தி நிதானமாக வாசித்தான். “தோழர் கொள்கையில நாம கை வைக்கலாமா?” என்று கேட்டான். “கூடாது, கூடாது” என்று சிரிப்பு.

பிறகு உறையைப் பிரித்தான். ஆணைகள் எப்படி இருக்கும், தெரியுமல்லவா? மேலே ‘பார்வை’ என்று போட்டு, யாருடைய மனுவின்மேல் இந்த ஆணை என்று எழுதியிருப்பார்கள். வாசித்தான். “பார்வை: ஏழாவது தெரு, த. பவளக்கொடி என்பவரின் மனு.” மின்கம்பம். “பார்வை: த. பவளக்கொடி என்பவரின் பதினாறு மனுக்கள்.” பஸ். “பார்வை: த. பவளக்கொடி என்பவரின் நேரடி முறையீடு.” தண்ணீர். பள்ளிக்கூடமும் அப்படியே. சபை என் பக்கம் திரும்பியது. யார் பவளக்கொடி என்று எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை. வீட்டில் நான் ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவேன், அவளும் அதற்குத்தான் திரும்புவாள்.

அவள் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். “உன் பெயரைக் கல்லில் போடுகிறார்களாம்.”

“செத்தப்புறம் வைக்கிற கல்ல இப்பவே எதுக்கு வைக்கிறாங்க? அந்தக் காசுக்கு ரெண்டு ஊஞ்சல் போடச் சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான். கொத்தவரங்காய் நறுக்கப் போய்விட்டாள். ஒரு வரலாற்று உணர்வு வேண்டாமா?

இப்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். கண்ணாடி தேவையில்லை, பெரிய எழுத்துத்தான், ஏற்கெனவே பார்த்துவிட்டேன். சங்கத்தில் தட்டச்சு செய்த பெண் மரியாதை தெரிந்தவள். மேலே சின்னதாகத் ‘திருமதி’. கீழே ஒரு சாண் உயரத்துக்குத் ‘தணிகாசலம்’. நீங்கள் கல்லிலும் சாக்கட்டியால் அப்படியே கோடு போட்டுவிட்டீர்கள். நான் வாசல் கேட்டு வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து ‘திருமதி’ தெரியவில்லை. ‘தணிகாசலம்’ தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது. பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நான் கேட்டு வாங்கவில்லை, மாற்றச் சொல்லவில்லை, அவர்களே கொடுத்திருக்கிறார்கள். சரிதானே மேஸ்திரி? உளியை ஏன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள்?

அதோ லூர்து வருகிறான், சாட்சிக்கு. கையில் அன்றைக்குச் சபையில் வாசித்த பெயரை எழுதிவைத்த தீர்மானப் புத்தகம். இரண்டாவது சாட்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம், கேட்டுப் பக்கத்தில் இஸ்திரி போடுகிற அஞ்சலாட்சி இருக்கிறாள். இந்தா அஞ்சலாட்சி, இப்படி வா. தாளில் இருக்கிற பெயரைக் கேள்: திருமதி தணிகாசலம். என்னது? கேட்டீர்களா மேஸ்திரி, “திருமதி தணிகாசலம்னா யாருங்க, ஐயாவோட அண்ணியா?” என்கிறாள். முப்பது வருஷமாக எங்கள் வீட்டுத் துணியை வாங்குகிறவள்! இவள் தெருவுக்குத் தண்ணீர் வந்தது யாரால் என்று கேளுங்கள். “பவளம்மாவால” என்கிறாள். படிக்காதவள்.

வந்தாயா? இவ்வளவு நேரமா ஒரு கண்ணாடிக்கு? கொடு. இவள்தான் என் வீட்டுக்காரி, மேஸ்திரி. தாளை அவளிடம் காட்ட வேண்டாம்... காட்டிவிட்டீர்கள். என்ன சொல்கிறாய்? உரக்கச் சொல். “அப்படியே இருக்கட்டுமேங்க. உங்களுக்கு ஆசையா இருக்குல்ல.” இப்படி நாலு பேருக்கு முன்னால் சொல்கிறாள். லூர்து, நீ என்ன சிரிக்கிறாய்? “போட்டுடும் தோழரே. அம்மாவே விட்டுக் குடுத்துட்டாங்க. யாரு வந்து கேக்கப்போறா?” கேட்டீர்களா? விட்டுக் கொடுக்கிறாளாம், இவன் வாங்கித் தருகிறானாம்.

எனக்கா? தணிகாசலத்துக்கா? குறுக்கே படுத்து ஒரு பஸ்ஸையே திருப்பி அனுப்பியவன் நான். இவள் இரக்கப்பட்டுக் கொடுக்கிற ஒரு சாண் எழுத்தை வாங்கிக்கொண்டு போவேன் என்று நினைத்தாயா? நான் என்ன மனுவா கொடுத்தேன், பணிவுடன்?

லூர்து, புத்தகத்தைக் கொடு. இதுதான் காப்பி. மேஸ்திரி, தாளில் விரலை வையுங்கள். காப்பி ஒன்று சொல்கிறது, உங்கள் ப்ரூஃப் வேறு ஒன்று சொல்கிறது. அஞ்சலாட்சிக்கே ஆள் தெரியாத ஒரு பெயரைக் கல்லில் ஏற்றக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு தப்பான ப்ரூஃபை விட்டதில்லை. இந்தப் பேனாவால் அடிக்கிறேன், பாருங்கள். திருமதி, அடித்தாயிற்று. தணிகாசலம்... இருங்கள், பேனா எழுதவில்லை. உதறுகிறேன். ம், அடித்தாயிற்று. அந்தச் சாக்கட்டி எழுத்தை ஈரத் துணியால் துடையுங்கள். நன்றாகத் துடையுங்கள், இன்னும் தெரிகிறது.

முதலில் வருகிற எழுத்து ‘த’. அது நான்தான், குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சின்னதாக்கி ஓரத்தில் ஒதுக்கினால் எட்டாவது அநீதி ஆகிவிடும், சொல்லிவிட்டேன்.

நீ எங்கே போகிறாய்? நில். அடுப்பில் ஒன்றும் தீயாது, நில். அஞ்சலாட்சி, அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேள். லூர்து, சிரிப்பை நிறுத்து, நீ சாட்சி. காப்பியில் இருப்பதை இருக்கிறபடி உரக்க வாசிக்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

த. புள்ளி.

பவளக்கொடி.